கை தூக்கினால் நிற்கும்: 32 ஆண்டுப் பல் பயத்துக்கு மனச்சிகிச்சை – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் நோயாளி ஒரே ஆள் அல்ல. பல் மருத்துவத்துக்குக் கடுமையாகப் பயப்படும் நடுவயதினரிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றை ஓர் ஆளாகச் சேர்த்திருக்கிறோம். யாரையும் அடையாளம் காட்டாதிருக்க வேறு வழியில்லை. அவருடைய பய மதிப்பெண்களும் இத்தகைய சிகிச்சையில் வழக்கமாக வருபவற்றை ஒட்டி அமைத்தவை. ஆண்டைச் சொல்லிக் குறிப்பிடும் ஆய்வுகள் அச்சில் வந்தவை.

வந்த நிலை

வயது 44. கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை. கீழ்த்தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல் பாதிக்கு மேல் சொத்தையாகிக் குழி விழுந்து கிடந்தது. இரண்டு ஆண்டில் மூன்று முறை கன்னம் வீங்கியிருக்கிறது. மூன்று முறையும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, பஞ்சில் தொட்டு வைத்த கிராம்புத் தைலம் என்றே ஓட்டிவிட்டார். சாப்பாடு முழுவதும் இடப்பக்கம்தான். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும்.

அவரை அனுப்பியவர் சர்க்கரைக்குப் பார்க்கும் பொது மருத்துவர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.1. வாய்க்குள் சீழை வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை என்று சொல்லி அனுப்பினார். பல் மருத்துவமனை வாசல் வரை நான்கு முறை வந்து திரும்பியதாக மனைவி சொன்னார். ஒருமுறை டோக்கன்கூட வாங்கியிருக்கிறார்.

12 வயதில் நடந்தது இது. அதுதான் அவருடைய முதல் பல் மருத்துவம். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் குறடு வைத்தார்கள். வலிக்கிறது என்று கத்தினார். "அதெல்லாம் மரத்துடுச்சு, சும்மா கத்தாதே" என்றார்கள். அப்பா தோளை அழுத்த, உதவியாள் காலைப் பிடிக்க, பல் வந்தது. எவ்வளவு வலித்தது என்று கேட்டால் இன்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தெளிவாகச் சொன்னது வேறு:

"நிறுத்தச் சொன்னேனுங்க. ஒருத்தருமே நிறுத்தலீங்க."

சிகிச்சை முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே அமைத்தோம்.

எந்தப் பயம் என்று பிரித்தது

முதல் அமர்வு 90 நிமிடம், பல் நாற்காலி இல்லாத அறையில். கிராம்பு எண்ணெய் கலந்த மருந்துகளின் வாசம் வராத இடமாகப் பார்த்துக்கொண்டோம். வாசமே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். அப்படிக் கலங்கிய ஆளிடம் விவரம் கேட்டால் "தெரியலீங்க" என்ற பதில்தான் வரும்.

பயத்தின் அளவுக்கு எம்.டி.ஏ.எஸ். என்ற ஐந்து கேள்வி அளவுகோல். 1969இல் நார்மன் கோரா நான்கு கேள்விகளோடு உருவாக்கியதை, 1995இல் ஹம்ப்ரிஸ் குழுவினர் ஊசி பற்றிய கேள்வியைச் சேர்த்துத் திருத்தியது. நாளைக்குப் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும்போது, டிரில் போடும்போது, பல்லைச் சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 5 முதல் 25. 19ம் அதற்கு மேலும் கடும் பயம். இதன் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்த ஆய்வு 2012இல் வந்திருக்கிறது. இவருடைய மதிப்பெண் 4, 5, 5, 4, 5. மொத்தம் 23.

எண் வந்ததும் சிகிச்சையைத் தொடங்கிவிடுவது அவசரம். ஒரே 23 மதிப்பெண்ணுக்கு அடியில் நாலைந்து விதமான பயங்கள் இருக்கலாம். ஒன்றுக்குச் சொல்லும் மருந்து இன்னொன்றுக்குக் கெடுதல். ஆகவே கேட்டது: ரத்தம், ஊசி பார்த்து எப்போதாவது மயங்கியதுண்டா? பழைய சம்பவம் கனவில் வருகிறதா, பகலில் திடீரென்று கண்முன் ஓடுகிறதா? வாய்க்குள் எதை வைத்தாலும் குமட்டுகிறதா? மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறதா? யாராவது உடலால் துன்புறுத்தியதுண்டா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். வாயைத் திறந்து, மல்லாந்து, மேலே ஒருவர் குனிந்து நிற்கும் நிலை துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கு என்னவெல்லாம் கிளறும் என்று யோசித்தால் கூச்சம் போய்விடும். நார்வேயில் சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களையும் பல் பயம் உள்ளவர்களையும் சேர்த்தே பார்க்கும் அரசுத் திட்டம் இயங்குகிறது.

இவருக்குக் கனவு இல்லை, குமட்டல் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். இதை அவராகச் சொல்லவில்லை; மனைவிதான் சொன்னார். ஆம்பிளைக்கு அசிங்கம் என்று மறைத்து வைத்திருந்தார். இந்த ஒரு தகவல் சிகிச்சைத் திட்டத்தையே மாற்றியது. ஏன் என்று கீழே வருகிறது.

கடைசி அரை மணி நேரம், பயம் என்ன சொல்கிறது என்பதை அவர் வார்த்தையிலேயே எழுத வைத்தோம். பக்கத்தில், அது நடக்கும் என்று எத்தனை சதவீதம் நம்புகிறார் என்ற எண்.

"ஊசி போட்டாலும் எனக்கு மரக்காது" – 90.
"வலிக்குதுன்னு சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க" – 95.
"ஊசியைப் பாத்தாலே மயங்கி விழுந்துருவேன்" – 80.
"வாயைப் பாத்து அசிங்கமா நினைப்பாங்க" – 70.

"பயமா இருக்குங்க" என்பதைச் சோதித்துப் பார்க்க முடியாது. "நிறுத்த மாட்டாங்க" என்பதை ஐந்தே நிமிடத்தில் சோதித்துவிடலாம். பயம் சொல்லும் ஜோசியம் எவ்வளவுக்கெவ்வளவு துல்லியமோ, அவ்வளவுக்கவ்வளவு அது பொய்த்தால் மனதில் பதியும்.

மாத்திரை கொடுத்து முடித்துவிட்டால் என்ன?

குடும்பம் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான்; 20 நிமிட வேலைக்கு இரண்டு மாதம் ஏன் இழுக்கவேண்டும்?

ஜெர்மனியில் தோம், சார்டோரி, யோரன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வாயில் சிறு அறுவை தேவைப்பட்ட 50 பேரைப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மிடாசோலம் என்ற மயக்க மருந்து, ஒரு பிரிவுக்கு ஒரே அமர்வு மனச்சிகிச்சை, ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. அன்றைய வேலை முடிவதற்கு மருந்தும் உதவியது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், மனச்சிகிச்சை பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் பல் சிகிச்சையைத் தொடர்ந்திருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 20. எதுவும் பெறாதவர்களில் 10. மருந்தோடு போய்வந்தவருக்கு மனதில் பதிவது "மாத்திரை இருந்ததால் தப்பினேன்" என்பதுதான். அடுத்த முறை மாத்திரை இல்லாமல் படியேற மாட்டார்.

ஆனாலும் மயக்க மருந்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தாடைக்கடியில் வீக்கம் பரவி, விழுங்க முடியாமல், வாய் திறக்க முடியாமல், காய்ச்சலோடு வருபவருக்கு மனச்சிகிச்சை பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரி. இவருக்கு அப்போது வீக்கம் அடங்கியிருந்தது. பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, ஆறேழு வாரம் பொறுக்கலாம் என்றார். அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் பல் டாக்டர். மனநலப் பக்கத்தில் இருப்பவர் ஊகிக்கக் கூடாது.

எத்தனை அமர்வு என்பதற்கும் அவரவர் வழக்கம் உண்டு. நார்வேயின் பெர்கனில் 2008இல் வந்த ஆய்வில், ஒரே நீண்ட அமர்விலும் பயம் குறைந்தது, ஐந்து அமர்விலும் குறைந்தது. ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பல் மருத்துவப் பிரிவு 2015இல் 130 பேரின் கணக்கை வெளியிட்டது. அனுப்பப்பட்டவர்களில் 79 சதவீதம் பேர் மயக்க மருந்தில்லாமல் பல் சிகிச்சை செய்துகொண்டார்கள்; அதற்குத் தேவைப்பட்டது சராசரியாக ஐந்து அமர்வு. இவருக்கு மயக்கமும் சேர்ந்திருந்ததால் ஏழு என்று திட்டமிட்டோம்.

தளர்வு வேண்டாம், இறுக்கம் வேண்டும்

பயம் என்றதும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொல்வது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஊசி பார்த்து மயங்குபவருக்கு அது எதிர்மாறாகப் போகும். இவர்களுக்கு முதலில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். பிறகு இரண்டும் சட்டென்று சரியும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். அந்த நேரத்தில் உடம்பைத் தளர்த்தினால் சரிவுக்கு நாமே கை கொடுத்தது போலாகும்.

ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1987இல் விவரித்த இறுக்கப் பயிற்சிதான் இவர்களுக்கு. செய்முறை: உட்கார்ந்து கை, தொடை, வயிறு மூன்றையும் ஒருசேர இறுக்கு. 10 முதல் 15 விநாடி. முகம் லேசாகச் சூடேறுவது தெரியவேண்டும். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். பிறகு விடு. ஆனால் துவண்டுபோக விடாதே, சாதாரண நிலைக்கு மட்டும் வா. 20 முதல் 30 விநாடி இடைவெளி. இப்படி ஐந்து முறை, நாளைக்கு ஐந்து வேளை, ஒரு வாரம்.

பல் நாற்காலிக்காக இதில் ஒரு திருத்தம் தேவை. தாடையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கினால் ஊசி போட இடமிருக்காது, வாயும் பாதி மூடும். ஆகவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டே தொடையையும் கையையும் மட்டும் இறுக்கத் தனியாகப் பழக்கவேண்டும். முதலில் யாருக்கும் வராது. கண்ணாடி முன்னால் நான்கு நாள் செய்தபின் இவருக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொள்வது இன்னொரு பொதுத் தவறு. இறுக்கும்போது சத்தமாக எண்ணச் சொன்னால் மூச்சு தானாக ஓடும்.

சாய்மானத்திலும் ஒரு சிக்கல். பயந்தவர்கள் நிமிர்ந்து உட்காரத்தான் கேட்பார்கள். படுத்தால் கை கால் கட்டிப்போட்டது போலிருக்கும். மயங்குபவருக்கோ நிமிர்ந்த நிலைதான் ஆபத்து. பேச்சும் பரிசோதனையும் நிமிர்ந்து, ஊசி மட்டும் சாய்த்து என்று முதல் நாளே காரணத்தோடு சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தோம்.

சிவப்பு பட்டன்

மூன்றாம் அமர்வு பல் அறையில், மதியம் 2 மணிக்கு. காலையும் மாலையும் கூட்டம் நெரியும் இடத்தில் 50 நிமிட நாற்காலி கிடைக்காது, அவசரப்படுத்தாமல் யாராலும் இருக்கவும் முடியாது. பல்லைத் தொடாத அமர்வுக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி இங்கே பெரிய தடை. முன்கூட்டியே பேசி, அமர்வுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கிவிடுவது நல்லது. இலவசமாகத் தந்த நேரத்தை மூன்றாவது முறை எல்லோருமே சுருக்கிவிடுகிறோம்.

நிறுத்தச் சைகை என்பது எல்லாப் பல் மருத்துவப் பாடத்திலும் இருக்கிறது. "வலிச்சா கையைத் தூக்குங்க" என்று சொல்லாத டாக்டரும் குறைவு. சொல்வதோடு விட்டுவிடுவதுதான் கோளாறு. கை தூக்கும்போது டாக்டர் "இதோ, இன்னும் ரெண்டே செகண்ட்" என்று வேலையை முடிக்கப் பார்ப்பார். அந்த இரண்டு விநாடியில் நம்பிக்கை மொத்தமும் போய்விடும். இவரைப் போன்றவருக்கு அது 12 வயதுச் சம்பவத்தின் மறுபதிப்பு.

லேத் மெஷினில் சிவப்பு நிறுத்து பட்டன் எதற்கு என்று அவரையே கேட்டோம். "அதை அமுக்கினா யாரையும் கேக்காம நிக்கோணும். ஏன் அமுக்குனேன்னு அப்புறம் பேசிக்கலாம்." அதையே ஒப்பந்தமாக எழுதினோம். இடக்கை தூக்கினால் நிற்கும்; டாக்டர் வலப்பக்கம் உட்காருவதால் இடக்கைதான் கருவிகளில் மோதாது. நிற்பது என்றால் கருவி வாய்க்கு வெளியே வரவேண்டும். வாய்க்குள் வைத்துக்கொண்டு நிறுத்துவது நிறுத்தம் ஆகாது. காரணம் கேட்கக் கூடாது. மறுபடி தொடங்க அவர் தலையசைக்க வேண்டும்.

பிறகு பட்டன் வேலை செய்கிறதா என்று சோதனை. வலி, பயம் எதுவும் இல்லாதபோதே, வாய்க்குள் சிறு கண்ணாடி மட்டும் இருக்கும்போது, அவர் இஷ்டத்துக்குக் கை தூக்கவேண்டும். முதல் தடவை தூக்கியபோது மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார். கண்ணாடி வெளியே வந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாக. ஐந்தாவது தடவை டாக்டர் பேச்சின் நடுவில் இருக்கும்போது வேண்டுமென்றே தூக்கி, முகத்தையே பார்த்தார். அன்று முடியும்போது "நிறுத்த மாட்டாங்க" 95இலிருந்து 60க்கு வந்தது. அதற்குக் கீழே போகவில்லை. "இப்ப நிறுத்துவாங்க. ஊசி போட்டு ஆரம்பிச்சப்புறம் நிறுத்துவாங்களான்னு தெரியலீங்க" என்றார். சரியான சந்தேகம், அதைத் தேற்றிச் சமாதானப்படுத்தாமல் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டோம்.

பல் டாக்டரோடு தனியே பேசி ஒப்புக்கொண்டது இரண்டு. "ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?" என்ற கேள்வி வரக்கூடாது. அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் இன்னும் ஐந்து ஆண்டு தள்ளிப்போடுகிறார்கள். 1984இல் ஸ்வீடனின் உல்ஃப் பெர்கிரென் விவரித்த சுழல் இதுதான்: பயத்தால் போகாமல் இருப்பது, அதனால் பல் கெடுவது, கெட்ட பல்லால் வெட்கம், வெட்கத்தால் இன்னும் பயம். இரண்டாவது, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்", "வலிக்கவே வலிக்காது" இரண்டுக்கும் தடை. ஒரு தடவை பொய்த்தால் டாக்டரின் மற்ற எல்லாச் சொல்லும் பொய்யாகிவிடும். அதற்குப் பதில்: "அழுத்தம் தெரியும். இழுக்கறது தெரியும். சுருக்குன்னு வலி தெரிஞ்சா கை தூக்குங்க."

நான்காம் அமர்வு கெட்ட கதை

ஊசியைப் படிப்படியாக நெருங்கவைக்கும் ஊசிப் படிக்கட்டைத் தொடங்கவேண்டிய நாள். வந்தவர் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார். பய அளவு 100க்கு 15 என்றார். விசாரித்ததில், உறவினர் ஒருவர் கொடுத்த, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையான அல்ப்ரசோலம் 0.5 மி.கி. காலையில் போட்டிருக்கிறார். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் செய்திருந்தார்கள்.

அன்று ஊசியைத் தொடவில்லை. எளிதாக முடித்திருக்கலாம், முடித்திருந்தால் வெற்றி மாத்திரையின் கணக்கில் போயிருக்கும். பேசி அனுப்பிவிட்டோம். இன்னொருவரின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேத்தில் நின்றால் விரல் போகும் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. முதல் அமர்விலேயே மாத்திரை பற்றி எழுதிக் கொடுக்காதது எங்கள் பக்கத் தவறு. "டாக்டர் சொல்லாத எதையும் போடாதீங்க" என்று பொதுவாகச் சொன்னது போதவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே படிக்கட்டு. மேசையில் மூடியோடு ஊசி, கையில் மூடியோடு, மூடி எடுத்து மேசையில், டாக்டர் கையில், ஓர் அடி தூரத்தில், வாயருகே மூடியோடு, வாய்க்குள் மூடியோடு ஊசி போடும் இடத்தைத் தொட்டு, கடைசியில் உண்மையான ஊசி. ஒவ்வொரு படியிலும் பயம் குறையும்வரை காத்திருக்கவில்லை. "மயங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டு, இல்லையென்றால் அடுத்த படி. பயம் 70இல் இருக்கும்போதே மயங்காமல் இருக்கமுடியும் என்று தெரிவது, பயம் 20க்கு இறங்கிய பின் தெரிவதைவிடப் பெறுமதியானது. நான்காம் படியில் முகம் வெளிறியது, நெற்றி வியர்த்தது. இறுக்கம் மூன்று சுற்று, நிறம் திரும்பியது.

பல் டாக்டர்கள் பொதுவாக ஊசியைக் கண்ணில் படாமல் பின்னாலிருந்து கொண்டுவருவார்கள். சிலருக்கு அது நல்லது. திடீரென்று வந்து விழுவதற்கே பயப்படுபவருக்கு அது கெடுதல். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் செய்யக்கூடாது. இவர் பார்க்கவேண்டும் என்றார்.

மரக்காத நாள்

ஐந்தாம் அமர்வு. வலப்பக்கக் கீழ் முன்கடைவாய்ப் பல்லில் ஒரு சிறு சொத்தை. அதை அடைப்பதாகத் திட்டம். கெட்ட பல்லைக் கடைசிக்கு வைத்தோம்.

ஈறைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, மரக்கும் ஜெல் இரண்டு நிமிடம். எச்சில் ஈரத்தின்மேல் தடவி முப்பது விநாடியில் ஊசியை எடுப்பவர்கள் ஜெல் பலனில்லை என்கிறார்கள். பலனில்லாமல் போவது அந்த ஜெல்லால் அல்ல. பிறகு மரப்பு ஊசி: 2 சதவீத லிக்னோகெயின், 80,000க்கு 1 அட்ரினலின், 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ். செலுத்தும் வேகம் நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் போகாமல். வலி ஊசி குத்துவதால் மட்டும் வருவதில்லை, மருந்தை வேகமாக அமுக்கினாலும் வரும். அட்ரினலினால் நெஞ்சு படபடக்கலாம், அது ஓரிரு நிமிடத்தில் அடங்கும், மருந்தின் வேலை அது என்று முன்பே சொல்லியிருந்தோம். சொல்லாவிட்டால் அந்தப் படபடப்பையே பயம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து ஓடுவார்கள்.

மயங்கவில்லை. கீழுதடு ஐந்து நிமிடத்தில் கனத்தது. வழக்கமாக இங்கே வேலை தொடங்கிவிடும். ஆனால் உதடு மரத்தது நரம்பின் ஒரு பகுதி பிடிபட்டதற்கு அத்தாட்சி. பல்லுக்குள் மரத்ததற்கு அத்தாட்சி ஆகாது. குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சு உருண்டையைப் பல்லில் வைத்தார் டாக்டர். கை உடனே மேலே போனது. பஞ்சு வெளியே வந்தது.

"தெரியுதுங்க. நல்லாத் தெரியுது." குரல் நடுங்கியது. பய அளவு 90.

"தெரியுதுன்னா மரக்கலைங்க. நீங்க சொல்றதுதான் சரி. இப்ப ஒண்ணும் பண்ணப்போறதில்லை" என்றார் டாக்டர். கருவித் தட்டைத் தள்ளி வைத்தார். பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி சோதனை, இன்னும் தெரிந்தது. அவரிடம் கேட்டு, இரண்டாவது ஊசி, கொஞ்சம் மேலே. மொத்தம் 72 மி.கி. லிக்னோகெயின், அவர் எடைக்கு வரம்பின் பக்கத்தில்கூட இல்லை. எட்டு நிமிடத்தில் குளிர் தெரியவில்லை. நேரம் தீர்ந்துவிட்டது, அடைப்பதை அடுத்த அமர்வுக்குத் தள்ளினோம். ஊசி போட்டும் எதுவும் செய்யாமல் அனுப்பியது நேர நட்டம்தான். ஆனால் மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் அவசரமாக டிரில் எடுத்திருந்தால் நட்டம் அதைவிடப் பெரிது.

நோட்டை எடுத்தோம். "எனக்கு மரக்காது" – முதல் ஊசிக்கு உண்மையாகவே நடந்தது. "சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க" – நடக்கவில்லை. இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தவர், 60 என்றிருந்ததை அடித்து 10 என்று எழுதினார். மரக்காது என்பதைக் குறைக்கவில்லை. "முதல் ஊசியில மரக்காம போகலாம்" என்று மாற்றி எழுதினார். பயம் சொன்ன ஜோசியம் போய், தொழில் தெரிந்தவர் சொல்லும் தகவல் ஆனது அது.

எல்லாம் ஒழுங்காக நடந்த அமர்வுகளில் இவ்வளவு இறக்கம் வரவில்லை. மரப்பு முதல் முயற்சியிலேயே பிடித்திருந்தால் "இன்னிக்கு அதிர்ஷ்டம்" என்று போயிருப்பார். இதற்காக வேண்டுமென்றே மரக்காமல் விடலாமா என்று யாரும் கேட்கவேண்டாம், கூடாது. கெட்டது தானாக நடக்கும் நாளில் டாக்டர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் சிகிச்சை நிற்கிறது. மரக்கவில்லை என்று நோயாளி சொன்னால், நடத்தை, பயம், நடிப்பு என்று பெயர் வைக்குமுன் மருந்து சரியான இடத்தில் சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும்.

டிரில்

வீட்டுப்பாடமாக ஏரோட்டார் என்ற பல் டிரில்லின் சத்தப் பதிவைத் தினமும் பத்து நிமிடம் கேட்டிருந்தார். ஆறாம் அமர்வில் டிரில் நுனியைக் கையில் கொடுத்தோம். தண்டு 1.6 மி.மீ. விட்டம், தலையில் வைரத் துகள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தில் உரசிப் பார்த்து, எத்தனை சுற்று என்றார். காற்றில் சுற்றும், நிமிடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் என்றதும் புருவம் ஏறியது. "கூலன்ட் தண்ணியா?" ஆமாம். "அப்ப அந்தக் கருகல் வாசம் தண்ணி பத்தாததாலயா?" அப்படியும் இருக்கலாம் என்றார் டாக்டர். தொழில்காரர்களிடம் இது பலிக்கும். எல்லோரிடமும் பலிக்காது, கருவியைக் காட்டினாலே போதும், எழுந்து போய்விடுபவர்கள் உண்டு.

காதில் பாட்டு மாட்டிக்கொள்ளலாமா என்றார். முதல் பாதிக்குச் சரி என்றோம். இரண்டாம் பாதியில் கழற்றவேண்டும். பாட்டு உதவும், ஆனால் சத்தத்தைக் கேட்டும் தாங்கமுடியும் என்று தெரியவேண்டிய ஆளுக்கு அது இடையில் நிற்கும் சுவர். அதேபோல மனைவியின் கை, இறுக மூடிய கண், நாற்காலிக் கைப்பிடியைப் பற்றிய பிடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கக்கூடாது, ஒன்றொன்றாக. டிரில் ஐந்து விநாடி, நிறுத்தம். பத்து விநாடி, நிறுத்தம். இரண்டு முறை கை தூக்கினார். இரண்டு முறையும் எச்சில் சேர்ந்ததற்கு. அடைப்பு 25 நிமிடத்தில் முடிந்தது.

பல்லை எடுத்தது

கெட்ட பல் காப்பாற்றும் நிலையில் இல்லை. எடுப்பது என்பது 12 வயதில் நடந்த அதே காரியம். குறடு, இழுப்பு, சத்தம். ஆகவே ஏழாம் அமர்வில் முதலில் அரை மணி நேரம் அந்தப் பழைய நாளைப் பேசினோம். அன்று அங்கே யாராவது என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று கேட்டதற்கு, "மரக்கலைன்னு பையன் சொல்றான், நிறுத்துங்கன்னு எங்கப்பன் சொல்லியிருக்கோணும்" என்றார். பழைய நினைவு கனவிலும் பகலிலும் துரத்தும் நோயாளியாக இருந்தால் இது போதாது; அவர்களுக்கு நினைவைக் குறிவைக்கும் தனிச் சிகிச்சை வேண்டும். பழைய நினைவை மனதில் வைத்தபடி கண்ணை இடவலமாக அசைக்கச் செய்யும் இ.எம்.டி.ஆர். முறையைப் பல் பயத்தில் சோதித்த ஆய்வு ஜெர்மனியிலிருந்து 2013இல் வந்திருக்கிறது.

எடுக்குமுன் டாக்டர் ஒவ்வொன்றையும் சொன்னார்: தாடையை அழுத்துவேன், காதுக்குள் மளுக்கென்று கேட்கும், அது பல் உடைவதல்ல, வேரைச் சுற்றிய எலும்பு இளகுவது. ஈறைச் சுற்றிக் கூர்முனையால் தொட்டுச் சோதனை. நாக்குப் பக்கம் ஓரிடத்தில் தெரிந்தது. அங்கே கூடுதல் மருந்து. மூன்று முறை கை போனது, மூன்று முறை குறடு வெளியே வந்தது. தாடைக்கடியில் உதவியாளர் கை கொடுத்துத் தாங்கியபோது சட்டென்று விறைத்தார். பிடித்து அழுத்துவது போலிருந்திருக்கிறது. இதை முன்பே சொல்லாமல் விட்டோம். கையை எடுக்கச் சொல்லி, அவர் கையாலேயே தாடையைத் தாங்கவைத்து முடித்தார்கள். சர்க்கரை காரணமாகப் புண் ஆறுவதைப் பார்க்க மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வரச் சொன்னது. இரண்டு நாளும் தனியாக வந்தார்.

பிறகு

முடிவில் மதிப்பெண் 11. ஆறு மாதத்தில் 10. இடையில் இரண்டு முறை வந்து பல்லைச் சுத்தம் செய்துகொண்டார். பிறகு பட்டறையில் ஆர்டர் கூடி, ஏழு மாதம் வரவில்லை. ஓராண்டில் கேட்டபோது 14. ஊசிக் கேள்விக்கு மட்டும் 4. பயம் முழுதாக அழிவதில்லை. புதிதாகக் கற்றது அதன் மேல் படிகிறது, பயன்படுத்தாவிட்டால் மங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதைச் சிகிச்சையின் கடைசிப் பகுதியாகவே எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். பல் சுத்தத்துக்கான ஆலோசனையாக மட்டும் சொல்லியிருந்தோம். ஒரே ஓர் அமர்வு, இறுக்கப் பயிற்சியும் கை தூக்கும் ஒத்திகையும் திரும்பச் செய்து, மரப்பு ஊசியோடு ஒரு சிறு அடைப்பு. அதன்பின் 10.

மேல்தாடையில் ஞானப்பல் ஒன்று எடுக்கவேண்டியது பாக்கி. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று அவர் அம்மா சொல்லியிருக்கிறார். பல்லுக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புகள் வேறு என்பதைப் படம் போட்டுக் காட்டியபின்னும் "தெரியுமுங்க, இருந்தாலும்" என்றார். நோட்டில் புது வரி: "மேல் பல் எடுத்தா கண்ணு மங்கும் – 30." எடுக்கும் அன்று காலையிலும் மறுநாளும் பட்டறையில் மைக்ரோமீட்டரின் கோடுகளை அவரே படித்துப் பார்த்து எழுதவேண்டும் என்று முடிவாகியிருக்கிறது.